காலினா சொல்லி முடிக்கட்டும்

செப்டம்பர் பிறந்துவிட்டால் செர்னோ போலே கிராமத்தில் யாரும் முற்றத்தில் துணி காயப்போட மாட்டார்கள். போட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகூடச் சுட்ட மிளகாய் வாடையோடுதான் கோயிலுக்குப் போகும். மாரிட்சா ஆற்றின் வண்டல் மண் அந்த ஊருக்குத் தக்காளியும் கொடுக்கும், பூசணியும் கொடுக்கும். கொட்டிக் கொடுப்பது குடைமிளகாய். நீளமாய், சதை பிடித்து, காரமே இல்லாமல், செக்கச்செவேலென்று பழுக்கும். அதைச் சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு அண்டாவில் போட்டுக் கிண்டித் தொக்காக்கி, ஜாடி ஜாடியாக நிலவறையில் அடுக்கிய பிறகுதான் அந்த வீட்டில் மனுஷர்கள் குடியிருக்கிறார்கள் என்று ஊர் ஒத்துக்கொள்ளும்.

தெருவில் பாதிப் பேருக்கு மிளகாய் சுட்டுக் கொடுப்பது தோப்ரிதான். பழைய சலவை இயந்திரத்தின் வயிற்றைக் கழற்றிக் கம்பியில் கோத்து, காயலான் கடைக் காரிலிருந்து பிடுங்கிய கண்ணாடி துடைக்கும் மோட்டாரை மாட்டி, அடியில் எரிவாயு அடுப்பு வைத்து, சுழன்று சுழன்று மிளகாய் சுட அவனே செய்த உருளை. ஆள் ஒல்லி, முப்பத்தாறு வயது, வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவன் மாதிரி எப்போதும் பறப்பான். நடை வேகம், சாப்பாடு வேகம், பேச்சு எல்லாவற்றையும்விட வேகம். தன் பேச்சு மட்டுமல்ல, அடுத்தவர் பேச்சையும் அவனே பேசிவிடுவான். “தோப்ரி, நாளைக்கு ஒரு நாலு...” என்று பக்கத்து வீட்டுக்காரர் இழுப்பதற்குள் “மூட்டை, காலைல ஏழு மணி, கொண்டாங்க” என்று முடித்துவிடுவான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் ஊர் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே வைத்திருந்தது.

அவனுக்கு ஒரே மகள் காலினா. நாலரை வயது. அவள் முதல் அடி எடுத்து வைத்தபோது, ஊர் வழக்கப்படி வெள்ளைத் துணி விரித்து, உருண்டை ரொட்டியை உருட்டிவிட்டு, துணியின் அந்தக் கோடியில் கத்திரிக்கோல், கரண்டி, சீப்பு, சுத்தியல், புத்தகம், பென்சில் எல்லாம் பரப்பினார்கள். குழந்தை எதை எடுக்கிறதோ அதுவே அதன் பிழைப்பு. காலினா தத்தித் தத்திப் போய்ப் பென்சிலை எடுத்துக் கடித்தாள். மூன்று தலைமுறையாக மண்வெட்டியைத் தவிர வேறு எதையும் பிடிக்காத குடும்பம் அது. தோப்ரியின் அக்கா நெதெல்கா சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

அன்றிலிருந்து குழந்தைக்குப் பட்டப்பெயர் ‘டீச்சரம்மா’. இரண்டு வயதில் பாட்டு சொன்னாள், மூன்றில் எழுத்து காட்டினால் பெயர் சொன்னாள். வீட்டுக்கு யார் வந்தாலும் முக்காலியை இழுத்துப் போட்டு அவளை அதில் ஏற்றி நிறுத்துவார்கள். முள்ளம்பன்றி ஆப்பிள் திருடிய பாட்டைச் சொல்லச் சொல்லுவார்கள். விதை விற்க வந்தவன், மீட்டர் பார்க்க வந்தவன், வழி கேட்க நின்றவன்கூடத் தப்பவில்லை. அந்த வட்டாரத்தில் குழந்தை உள்ள எல்லா வீட்டிலும் ஒரு முக்காலி இருக்கும்; தோப்ரி வீட்டு முக்காலி கொஞ்சம் அதிகமாக உழைத்தது.

கோடை பிறந்து செர்ரி பழுத்த சமயத்தில் முதல் சிக்கல் விழுந்தது. முக்காலியில் நின்றவள் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். உதடு ஒட்டிக்கொண்டது, கண் சிமிட்டியது, கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு வார்த்தை வந்தது. எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். கோடை முழுவதும் அது கூடிக்கொண்டே போனது. “மெதுவாச் சொல்லு”, “மூச்ச இழுத்துட்டுச் சொல்லு”, “முதல்ல இருந்து சொல்லு” என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தோப்ரி வைத்தியம் சொல்லவில்லை. வார்த்தை எதுவோ அதை அவனே சொல்லிவிடுவான். தண்ணீர் கேட்க வந்த குழந்தை ‘த’ என்பதற்குள் தம்ளர் கையில் இருக்கும். உதவி செய்வதாகத்தான் நினைத்தான்.

செப்டம்பர் பதினைந்து, பாலர் பள்ளி திறக்கிற நாள். பலூன், பூங்கொத்து, ஒலிபெருக்கி, ஊரே வாசலில். பாட்டு சொல்லப் போவது டீச்சரம்மாதான் என்று நெதெல்கா ஒரு வாரம் முன்னமே ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாள். ஆசிரியை ருமியானா வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தாள். நெதெல்காவிடம் யார் ஜெயித்தது? காலினா வெள்ளை நாடா கட்டிக்கொண்டு முன்னே வந்து வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். கடைசி வரிசையிலிருந்து தோப்ரி அந்த முதல் வார்த்தையை உரக்கக் கத்தினான்.

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, அன்பான சிரிப்புதான். காலினா அப்பாவைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

மூடியது மூடியதுதான். வீட்டில் அம்மாவிடம் காதோடு ஒன்றிரண்டு சொல்வாள். அப்பாவைக் கண்டால் அதுவும் கிடையாது. வேண்டியதைக் கையால் காட்டுவாள், காட்ட முடியாததை வேண்டாமென்று விட்டுவிடுவாள். சாயங்காலம் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவைப் பிட்டு அவள் தட்டில் வைத்துக்கொண்டே தோப்ரி பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்பான். குழந்தை தட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லும். ஐந்தாம் நாள் ருமியானா சொல்லியனுப்பினாள், இரண்டு பேரும் வரவேண்டும் என்று.

பாலர் பள்ளியின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள், தோப்ரியும் அவன் மனைவி மிலேனாவும். பக்கத்தில் இவெலினா என்கிற சின்னப் பெண். பேச்சு வராத பிள்ளைகளைப் பேசப் பழக்கிவிடப் புதன்கிழமை தோறும் நகரத்திலிருந்து வருபவள். கல்யாணம்கூட ஆகாத இவள் என்ன சொல்லிவிடப் போகிறாள் என்பது தோப்ரியின் முகத்தில் எழுதியிருந்தது.

“தோப்ரி, நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்க வரக் கூடாது” என்றாள் ருமியானா. “உன் பொண்ணு...”

“இங்கயும் பேச மாட்டேங்கறா, அதானே?”

“பாத்தியா, ரெண்டாவது வார்த்தைக்கே வந்துட்ட. அது இல்ல. இங்க பேசறா. யார்கிட்டன்னு கேளு. துணி முயல் ஒண்ணு இருக்கு, அதுகிட்ட. அந்த முயலக் கட்டை மேல ஏத்தி நிறுத்தறா. ‘சொல்லு, ம், முதல்ல இருந்து சொல்லு, மெதுவா’ங்கறா. முயல் என்ன சொல்லும்? உடனே காதப் புடிச்சுத் தூக்கி மூலைல போடறா. அப்புறம் போயி எடுத்துத் தடவிக் குடுக்கறா. மறுபடி கட்டை மேல ஏத்தறா. தினமும் இதே விளையாட்டுதான்.”

மிலேனா முந்தானை போலத் தோளில் கிடந்த சால்வையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இவெலினாதான் மெல்லப் பேசினாள். இந்த வயதில் நிறையக் குழந்தைகளுக்கு இப்படி வரும், பலருக்குத் தானாகப் போய்விடும், சிலருக்கு இருக்கும், எது என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது என்றாள். இது யாருடைய தப்பாலும் வந்ததில்லை, குடும்பத்தில் முன்பே யாருக்காவது இருந்தால் வருவது சகஜம் என்றும் சொன்னாள். “உங்க பக்கம் யாருக்காச்சும் இருந்துதா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றான் தோப்ரி, அவள் கேட்ட வாயை மூடுவதற்குள்.

“சரி. திக்கறதப் பத்தி நான் பயப்படல. அவ பேசறதையே விட்டுட்டா பாருங்க, அதுதான் பயம். அஞ்சு வயசு வரைக்கும் பேசிப் பேசித்தான் புள்ளைங்க யோசிக்கக் கத்துக்குது. வாயை மூடிட்டா அதுவும் நிக்கும்.”

“என்ன செய்யணும்னு சொல்லுங்க. இன்னைக்கே செய்யறேன்.”

“செய்யாம இருக்கணும்” என்றாள் அந்தப் பெண். “முக்காலி வேண்டாம். மெதுவாங்காதீங்க. வார்த்தைய எடுத்துக் குடுக்காதீங்க, தெரிஞ்சாலும் குடுக்காதீங்க. அவ மூஞ்சியப் பாத்துட்டு, எவ்வளவு நேரமானாலும் சும்மா இருங்க. தினமும் பத்து நிமிசம் அவகூட விளையாடுங்க. என்ன விளையாட்டுன்னு அவ சொல்லட்டும், நீங்க சொல்லக் கூடாது.”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தோப்ரி பொருமினான். தோட்டத்தில் பாத்தி வெட்டச் சொன்னால் வெட்டுவான், மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவான். சும்மா இரு என்றால் அது என்ன வைத்தியம்?

ஆனாலும் முக்காலியை அன்றே கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டான். சாயங்காலம் உருளையை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் மகள் எதிரில் மண்ணில் உட்கார்ந்தான். கடைக்குப் போகாத கோணல் மிளகாய்களை ஒரு கூடையில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். காலினா அவற்றுக்கு ஆஸ்பத்திரி வைத்திருந்தாள். முதுகு வளைந்தவை ஒரு பக்கம், பூச்சி கடித்தவை ஒரு பக்கம், காம்பு போனவை திராட்சை இலைப் போர்வைக்கு அடியில். முதல் நாள் தோப்ரி, எந்த நோயாளியை எங்கே படுக்க வைத்தால் இடம் மிச்சமாகும் என்று மூன்று நிமிடத்தில் மொத்த ஆஸ்பத்திரியையும் மாற்றி அடுக்கிவிட்டான். குழந்தை எழுந்து போய்விட்டது. இரண்டாம் நாள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான்காம் நாள் அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் படுக்கச் சொல்லிக் காட்டினாள். படுத்தான். நெற்றியில் ஒரு இலை வைத்தாள். வாய் திறக்கவில்லை.

நெதெல்காவுக்கு இதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஊர் உலகத்தில் இல்லாத அதிசயமாக அப்பன்காரன் இலை வைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறான், அண்டாவைத் தான் ஒருத்தி கிண்ட வேண்டியிருக்கிறது என்று அவளுக்குக் கோபம். கோபத்தைவிடப் பயம் பெரிது. காலினாவை அவள் பெற்ற பிள்ளை மாதிரிதான் வளர்த்தாள். ஒரு நாள் மிலேனா ஜாடி கழுவிக்கொண்டிருந்தபோது, மேய்ப்பன் வீட்டிலிருந்து செம்மறி மணி ஒன்றை வாங்கி வந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, தலைகீழாகப் பிடித்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்தாள். மணி மாதிரி நாக்கு அடிக்கும் என்பது நம்பிக்கை. காலினா இரண்டு கையாலும் பிடித்துச் சமர்த்தாகக் குடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“மதினி, அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு? அவள விட்டுருங்கன்னுதானே சொல்லிச்சு” என்றாள் மிலேனா.

“தண்ணி குடிச்சா என்ன கொறஞ்சுரும்? தோப்ரிக்கு எங்க அப்பா இப்படித்தான் குடுத்தாரு. எட்டு வயசு வரைக்கும் அவன் ‘ம’னு ஆரம்பிச்சா அடுத்த எழுத்து வரதுக்குள்ள ரொட்டி ஆறிப்போகும். இன்னைக்குப் பாரு, அவன் வாயக் கட்ட முடியுதா?”

சொன்ன பிறகுதான் நெதெல்காவுக்கு உறைத்தது, இவளுக்கு இது தெரியாது என்று. மணியை எடுத்துக்கொண்டு நைசாக நழுவிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பறிக்கப் போனார்கள். பனியில் செடியெல்லாம் நனைந்திருந்தது, சட்டைக்கை முழங்கை வரை ஈரம். இரண்டு பேரும் அடுத்தடுத்த பாரில், காம்பை ஒரு திருகு திருகிக் கூடையில் போட்டபடி போனார்கள். பாதிப் பார் வந்ததும் மிலேனா நிமிர்ந்தாள்.

“கல்யாணமாகி ஒம்பது வருசம்” என்றாள். “ஒரு தடவகூட என் பேரச் சொல்லி நீ கூப்புட்டதில்ல. பொண்ணேன்னுதான் கூப்புடுவ. ஆசையாக் கூப்புடறேன்னு நெனச்சேன்.”

தோப்ரியின் கை நின்றது. “அக்கா சொல்லிட்டாளா?”

“ம்.”

“ஆசையும்தான்” என்றான். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டான். “எந்த எழுத்துல மாட்டும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுரும். அந்த வார்த்தைய விட்டுட்டு வேற வார்த்தையப் போட்டுருவேன். வேகமாப் பேசினா மாட்டாம ஓடிரலாம். இப்பவும் ஓடிட்டுதான் இருக்கேன்.”

“அடுத்தவங்க பேச்ச ஏன் புடுங்கற?”

“ஒருத்தன் வாயத் தொறந்துட்டு நிக்கறத என்னால பாக்க முடியல. அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல அவ நின்னா பாரு, எனக்கு அவ தெரியல. நான் நிக்கறேன் அங்க. எங்க வாத்தியாரு சிரிக்கறாரு. கத்திட்டேன்.”

மிலேனா செடிகளைத் தாண்டி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவள் மனசில் கோபம்தான் இருந்திருக்க வேண்டும். ஒன்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் சொல்லவில்லையே என்று. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அழுகைதான் வந்தது.

“என்கிட்டச் சொன்ன மாதிரி அவகிட்டயும் சொல்லு” என்றாள்.

அன்று சாயங்காலம் மிளகாய் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் காலில் கட்டு. நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்த மகளிடம், வானத்தைப் பார்த்தபடி, தன் சின்ன வயதில் வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்றும், அப்போது யாராவது எடுத்துக் கொடுத்தால் தனக்குக் கோபம் கோபமாக வரும் என்றும், அன்றைக்குத் தான் கத்தியது தப்பு என்றும் சொன்னான். மெதுவாகச் சொன்னான். இரண்டு இடத்தில் மாட்டியது. வார்த்தையை மாற்றாமல் மாட்டவே விட்டான். காலினா நாடாவைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தாள். பிறகு இன்னும் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். அவ்வளவுதான்.

ஒரு வாரம் போனது. பூனையிடம் அவள் பேசுவது சமையலறை வரை கேட்டது. அப்பாவிடம் மட்டும் ஒன்றுமில்லை. பொறுமை என்பது தோப்ரிக்கு உடம்பு வலி மாதிரி இருந்தது. தூக்கத்தில்கூடப் பல்லைக் கடித்தான்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, கடைசி மிளகாய். அதற்குமேல் உறைபனி விழும், செடியைப் பிடுங்கிவிடுவார்கள். தோட்டத்திலேயே நல்லதாகப் பார்த்து வீட்டுக்கென்று மிச்சம் வைத்திருந்த இரண்டு மூட்டை. நெதெல்கா அண்டாவில் தக்காளியைக் கிண்டிக்கொண்டிருந்தாள், மிலேனா சுட்டவற்றைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள், விரலெல்லாம் சிவப்பு. தோப்ரி உருளையை நிரப்பித் தீயைக் கூட்டிவிட்டு நின்றான். அந்த நேரத்தில் கண்ணை எடுக்கக் கூடாது. தோல் கொப்புளித்ததும் கவிழ்க்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் கரி.

யாரோ அவன் கால்சட்டையை இழுத்தார்கள். குனிந்து பார்த்தான். காலினா. அவள் வாய் திறந்திருந்தது.

தோப்ரி மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தான். உருளை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

“அ... அ... அப்பா” என்றாள். “மி... மி...”

உதடு ஒட்டிக்கொண்டது. கண் சிமிட்டியது. கழுத்து நரம்பு எழும்பியது. பின்னால் மிளகாய்த் தோல் படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்டது. தோப்ரியின் மூக்கில் அந்த வாடை ஏறியது. சின்ன வயசிலிருந்து மிளகாய் சுடுகிறவனுக்கு எந்த வாடை எது என்று தெரியாதா? அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பது முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த வார்த்தை அவன் நாக்கு நுனியிலேயே நின்றது. விழுங்கினான்.

அண்டாப் பக்கமிருந்து நெதெல்கா “டேய்...” என்று ஆரம்பித்தாள். மிலேனா சிவந்த கையால் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கறுப்புப் புகை முற்றத்தில் இறங்கியது.

“மி... மி... மி...”

தோப்ரி மகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“மிளகா க... கருகுது” என்றாள் காலினா.

“கருகுதா?” என்றான்.

“ஆமா. நான் சொ... சொல்லிட்டே இருக்கேன், நீ பா... பாத்துட்டே இருக்க. மூக்கு இல்லையா உனக்கு? எ... எல்லாம் போச்சு. அத்தை தி... திட்டப் போறா.”

மிலேனா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். உருளைக்குள் ஒரு மிளகாய்கூட மிஞ்சவில்லை. நெதெல்கா கரியைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், துடுப்பை அண்டாவில் அப்படியே விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தோப்ரி எழுந்திருக்கவில்லை.

“இன்னும் ஏதாச்சும் சொல்லணுமா?” என்று கேட்டான்.

காலினா யோசித்தாள். நிறையவே இருந்தது போலிருக்கிறது.

“ஆ... ஆமா” என்றாள்.

அவன் மண்டியிட்டிருந்த காலை மடக்கி, மண்ணில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.